மருத்துவக் காப்பீட்டுத் தகுதிச் சரிபார்ப்பை மாற்றியமைக்கக் கோரி இரு துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை;
அரசுச் செயலாளர் அவர்கள், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை;
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் இப்போதைய காலம் 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கு வகுக்கப்பட்டது. வரும் 2027 ஜனவரியில் அது முடிவதற்கு முன் புதிய ஒப்பந்தமும் அதனோடு விதிகளும் எழுதப்பட வேண்டும். எந்த நோய்க்கு எவ்வளவு தொகை, எந்தெந்த மருத்துவமனைகள் என்பவற்றைப் பேச மருத்துவமனை நிர்வாகங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் உங்கள் மேசைக்கு வருவார்கள். தகுதியுடையவர் யார், அதை யார், எப்போது, எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் பேசுவதற்கு, அந்தச் சரிபார்ப்பில் விடுபட்டுப் போனவர்கள் வர மாட்டார்கள். அவர்களுக்கு அத்தகைய கூட்டம் நடப்பதே தெரியாது. பல்லடம் வட்டத்தில் விசைத்தறி, பனியன் தொழிலாளர் குடும்பங்களுக்கு நெடுங்காலமாக மனு எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வருமானச் சான்றைத் தருவது ஒரு துறை, சிகிச்சையைத் தருவது மற்றொரு துறை என்பதால்தான் இருவருக்கும் சேர்த்து எழுத நேர்ந்தது. என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுதியை நிறுவும் சுமையை நோயாளியின் குடும்பத்தின் மேலிருந்து இறக்கி, அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவேடுகளின் மேல் ஏற்றுங்கள். அந்தச் சரிபார்ப்பு முடியும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள்.

திட்டத்தின் அருமையை அறியாமல் இதை எழுதவில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரைப் பெற்று, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஏற்பாடு இது. நெஞ்சுவலியோடு கோயம்புத்தூருக்குக் கொண்டு போகப்பட்ட தறிக்காரர் ஒருவர் ஒரு ரூபாய் கடன் வாங்காமல் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புவது எங்கள் ஊர்களில் இன்று அதிசயமில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு இந்தக் காப்பீட்டு அட்டையே உயிர். ஒரு தலைமுறைக்கு முன்னால் இப்படிப்பட்ட நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் நகை போகும், பிறகு தறி போகும், கடைசியில் காடு போகும். அப்படி இழந்தவர்களை அறிந்திருப்பதால்தான், அட்டை இல்லாத ஒரே காரணத்தால் இன்றும் இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்கிறேன். அட்டை வேண்டுவோர் கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையின் இணையவழியிலோ வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். சில நேரங்களில் முகாம்களிலும் பதிவு நடக்கிறது. உடல்நலத்தோடு இருக்கும்போது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இதற்காகப் போகிறவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு இந்தத் தேவை உறைப்பது மருத்துவமனைக் கவுன்ட்டரில் "கார்டு இருக்குதுங்களா?" என்று கேட்கப்படும் கணத்தில்தான். அதன் பிறகு ஒருவர் நோயாளியின் அருகில் இருக்க, மற்றொருவர் ஊருக்குத் திரும்பிச் சான்றுக்கு அலைகிறார். அலுவலர் முகாமுக்குப் போயிருக்கலாம், தேர்தல் பணியில் இருக்கலாம், இரண்டு மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவராக இருக்கலாம். அவர்மேல் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் சான்று வரும்வரை காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி இல்லை, முன் அனுமதி வரும்வரை அறுவை சிகிச்சை இல்லை. தனியார் மருத்துவமனையாக இருந்தால் அந்த இடைவெளியில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டுகிற பணம் பெரும்பாலும் கந்துவட்டிக்கு வாங்கியதாக இருக்கிறது.

தாளவாடியைப் போன்ற மலைப்பகுதியை எண்ணிப் பாருங்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் கடந்து ஈரோட்டில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து பதிவு செய்யுங்கள் என்று ஓர் ஊராளிக் குடும்பத்திடமோ சோளகர் குடும்பத்திடமோ சொல்வது, வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்தது, அந்தச் சான்றில் எழுதப்படும் தொகை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. முன்பு 72,000 ரூபாயாக இருந்த வரம்பைப் பத்தாண்டுகளுக்குப் பின் 2022இல் உயர்த்தியது நல்ல செயல். ஆனால் இது ஒருவருடைய வருமானமன்று, ஒரு முழுக் குடும்பத்தின் வருமானம். மாதத்துக்கு 10,000 ரூபாய். 2024–25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 319 ரூபாய். அரசே மிகக் கீழான கூலியாக வைத்த அந்தத் தொகையை அளவாகக் கொண்டு, கணவனும் மனைவியும் ஆளுக்கு 200 நாள் உழைத்தார்கள் என்று வைத்துக்கொண்டால் அவர்கள் வருமானம் 1,27,600 ரூபாய் ஆகிறது; அவர்கள் ஏழைகள் அல்லர் என்று இந்த விதி முடிவு செய்துவிடுகிறது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகைக்கு இதே அரசு வைத்த வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் பெறுவதற்கு ஏழையாக ஒப்புக்கொள்ளப்பட்ட அதே பெண், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற வரும்போது ஏழையாக ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. ஒரே வீட்டை ஒரே அரசு இரண்டு அளவுகோல்களால் அளப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

வரம்பு இப்படி இருந்தும் திட்டம் இவ்வளவு பேரைச் சென்றடைந்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம், உண்மையான வருமானத்தை யாரும் எழுதுவதில்லை என்பதுதான். எழுதித் தருபவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்த ஒரு வழக்கமான தொகை இருக்கிறது. அது வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. இரக்கமுள்ள அலுவலர் அதை எழுதிக் கொடுக்கிறார். விதியை எழுத்துப்படி பார்ப்பவர் எழுத மறுக்கிறார். ஒரு குடும்பத்தின் மருத்துவ உரிமை, அது எந்த அலுவலரின் எல்லைக்குள் குடியிருக்கிறது என்பதைப் பொறுத்து அமைகிறது.

இதில் மிகவும் அடிபடுகிறவர் உண்மை பேசுகிறவர். எங்கள் பகுதியில் கூலிக்குத் தறி ஓட்டும் ஒருவர். அவர் மனைவி தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். மகனின் கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்று கேட்டபோது, அதற்கான வரம்பு உயர்வாக இருந்ததால், இருவரின் கூலியையும் கூட்டி உள்ளபடியே சொல்லிச் சான்று வாங்கினார்கள். சில மாதங்களில் அந்த அம்மாவுக்குக் கருப்பையில் கட்டி என்று தெரிந்து அறுவை சிகிச்சைக்குப் போனபோது, அதே சான்று கணினியில் இருந்தது. காப்பீட்டு அட்டைக்குத் தகுதியில்லை என்றார்கள். சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சிகிச்சை கிடைத்திருக்கும். அந்தத் தறிக்காரர் என்னிடம் வந்து, "நெசத்தச் சொன்னது தப்புங்களா?" என்று கேட்டார். நான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்கள் இரு துறைகளிடம்தான் இருக்கிறது.

கொங்கு நாட்டின் வருமானம் ஆண்டுக் கணக்கில் வருவதில்லை என்பதையும் நீங்கள் கருத வேண்டும். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை வருகிறது. ஆர்டர் நெருக்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் இல்லாத வாரத்தில் வெறுங்கை. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணிடம் ஆண்டு வருமானம் என்னவென்று கேட்டால், அவர் ஒரு நல்ல வாரத்தின் கூலியை 52ஆல் பெருக்கிச் சொல்லிவிடுகிறார். 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறி உரிமையாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது வாரக்கணக்கில் தறிகள் நின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காடு வரி பனியன் ஆர்டர்களைப் பாதித்தது. 2011 ஜனவரியில் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களின் கையில் இருந்திருக்கக்கூடிய சான்றும் முந்தைய ஆண்டின் செழிப்பைத்தான் காட்டியிருக்கும். வேளாண்மையும் இப்படியே. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் வரும் ஆண்டின் வருமானமும் வராத ஆண்டின் வருமானமும் ஒன்றாகாது. சிட்டாவில் மூன்று ஏக்கர் மேட்டாங்காடு இருப்பதைப் பார்த்து வசதியுள்ளவர் என்று முடிவு செய்தால், ஆழ்துளைக் கிணற்றுக்காக வாங்கிய கடன் அந்தச் சிட்டாவில் தெரியாது.

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருக்கிறது, அவர்கள் ஏன் இந்த வரிசைக்கு வர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஊதியம் அந்த வரம்புக்குள் இருப்பவர் அனைவரும் இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்றிருந்தால் அது நியாயமான கேள்வி. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் பவர்டேபிள் தையல் பட்டறைகளும், வீட்டோடு சேர்ந்த தறிக்கூடங்களும், ஒப்பந்தக்காரரிடம் பீஸ் ரேட்டில் வேலை செய்வோரும் அந்த வலைக்கு வெளியே இருக்கிறார்கள். குடும்பத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வருவதால் முதலமைச்சர் காப்பீடு கிடையாது. பதிவு இல்லாததால் இ.எஸ்.ஐ.யும் கிடையாது. திருப்பூர் மாவட்டத்தில் என்னிடம் மனு எழுத வருவோரில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில் நிற்பவர்கள்தாம்.

முதியவர்களின் நிலை வேறு வகையானது. மகன் கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருப்பார். தாய் தோட்டத்துச் சாளையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார். குடும்ப அட்டையில் மட்டும் இருவரும் ஒரே குடும்பம். மகனின் சம்பளம் தாயின் வருமானமாகிவிடுகிறது. கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணின் பெயர் கணவனின் அட்டையிலேயே கிடக்கிறது. பெயர் நீக்கச் சம்மதம் கேட்டு அவனிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. 70 வயது கடந்தோருக்கு வருமானம் பாராமல் காப்பீடு தரும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. வருமானத்தைப் பார்க்காமலேயே ஒருவரைத் தகுதியுடையவராக ஏற்க முடியும் என்பதை அது காட்டுகிறது; 55 வயதில் கைம்பெண்ணாகத் தனித்து வாழ்பவருக்கும் அந்தக் கருணை நீள வேண்டாமா?

தவறான பயன்பாட்டைத் தடுக்கத்தான் சான்று கேட்கிறோம் என்பது உங்கள் தரப்பின் வாதமாக இருக்கும். பொதுப் பணத்தைக் காப்பது உங்கள் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்று எதைத் தடுத்தது? ஆயுஷ்மான் பாரத் திட்டம் பற்றி 2023இல் வெளிவந்த இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை, ஏழரை லட்சம் பயனாளிகளின் பதிவுகள் ஒரே போலிக் கைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததையும், தரவுகளில் இறந்தவராகக் காட்டப்பட்டவர்களின் பெயரில் சிகிச்சைத் தொகை கோரப்பட்டிருந்ததையும் எடுத்துக் காட்டியது. தமிழ்நாட்டில் அரசு ஓய்வூதியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனாளிகளாக நீடித்ததையும் அதே அறிக்கை சொன்னது. ஓய்வூதியர் பட்டியலும் அரசிடம் இருந்தது, காப்பீட்டுப் பட்டியலும் அரசிடம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டிருந்தாலே போதும். அந்த வேலையைச் செய்யாமல், மருத்துவமனை வாசலில் நிற்கும் தறிக்காரரின் மனைவியிடம் தாளைக் கேட்பது காவலாகாது.

சான்று இல்லாமலேயே தகுதியை ஏற்கும் வழிகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 2009இல் தொடங்கிய திட்டம் நல வாரியங்களின் உறுப்பினர்களை அந்த உறுப்பினர் பதிவைக் கொண்டே ஏற்றது. பவானிசாகர் போன்ற முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இன்றும் வருமான வரம்பு இல்லை. முகாம் பதிவே போதும். ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது வெள்ளை ரேஷன் அட்டையையே தகுதிச் சான்றாகக் கொண்டார்கள். நம் மாநிலத்தில் எல்லோருக்கும் அரிசி உண்டு என்பதால் குடும்ப அட்டை ஏழ்மைக்குச் சான்றாகாது என்பது சரி. ஆனால் முன்னுரிமைக் குடும்பம், மிக ஏழைகளுக்கான அந்தியோதயா என்ற குறியீடுகள் 2016 நவம்பரிலிருந்து நம் அட்டைகளிலும் உள்ளன. அந்தக் குறியீடு பெற்ற குடும்பங்கள், நல வாரிய உறுப்பினர்கள், முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெறுவோர், மகளிர் உரிமைத் தொகை பெறுவோர் ஆகிய அனைவரையும் விண்ணப்பம் கேட்காமலேயே காப்பீட்டில் சேர்த்துவிடலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பட்டியலில் பெயர் இருப்பது தகுதிக்குப் போதுமான சான்றாக இருக்கட்டும். பெயர் இல்லாதது மறுப்பதற்கான காரணமாக ஆகக் கூடாது. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து மத்திய அரசின் பயனாளிகள் முடிவு செய்யப்பட்டதால், அதற்குப் பின் ஏழையானவர்கள் எத்தனையோ பேர் கணக்கில் வராமல் போனார்கள். அந்தப் பிழை மாநிலத்தின் பட்டியலிலும் நேரக் கூடாது.

சிகிச்சையை முதலில் தந்து கணக்கைப் பிறகு பார்ப்பதும் உங்களுக்குப் புதிதன்று. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் ஊரையோ வருமானத்தையோ காப்பீட்டு அட்டையையோ யாரும் கேட்பதில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. அவிநாசி சாலையில் லாரி மோதி விழுந்தவருக்கு இருக்கும் அந்த உரிமை, அதே சாலையில் மாரடைப்பால் விழுந்தவருக்கும் வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம், பிறந்த குழந்தையின் அவசர நிலை போன்றவற்றில் தற்காலிகத் தகுதி எண் ஒன்றை அந்த நேரத்திலேயே வழங்கி, குடும்பத்தின் உறுதிமொழியைப் பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கி, பதிவேடுகளை ஒப்பிடும் வேலையை ஒரு மாதத்துக்குள் அரசே முடிக்கலாம். தகுதியில்லாதவர் என்று பிறகு தெரிந்தால் தொகையைத் தவணையில் வசூலிக்கலாம். பணத்தை மீட்க வழி உண்டு.

மறுசரிபார்ப்பை அடிக்கடி நடத்தலாம் என்ற யோசனை எழுந்தால், ஏழைகளுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டுகிறேன். கொரோனாக் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த தகுதிச் சரிபார்ப்பை 2023 ஏப்ரலிலிருந்து மீண்டும் தொடங்கியதும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வருமானம் கூடியதால் நீக்கப்படவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறிவிட்டது போன்ற நடைமுறைக் காரணங்களாலேயே நீக்கப்பட்டார்கள். 2025 ஜூலையில் அங்கு இயற்றிய சட்டம், திட்டத்தை விரிவாக்கியதால் புதிதாகத் தகுதி பெற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை மறுசரிபார்ப்பையும், மாதம் 80 மணி நேரம் உழைத்ததற்கான கணக்கையும் கொண்டு வருகிறது. எதிர்த்திசையில் போன நாடு தாய்லாந்து. அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் காப்பீட்டிலும் இல்லாத எல்லாக் குடிமக்களையும், வருமானம் கேட்காமல், 2002 முதல் தன் பொதுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. மேற்சொன்ன இரண்டில் எது நம் மாநிலத்தின் வழக்கத்துக்கு ஒத்தது என்று யோசித்தால், அனைவருக்கும் அரிசி தரும் தமிழ்நாட்டுக்குத் தாய்லாந்தின் வழியே பொருந்தும் என்பது என் கருத்து.

அந்த இலக்கு உடனே கைகூடாது என்றால், 2027க்கான விதிகளில் குறைந்தது இவற்றையாவது சேருங்கள். வருமான வரம்பை மகளிர் உரிமைத் தொகையின் அளவான 2,50,000 ரூபாய்க்கு உயர்த்தி, குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படியைப் போல விலைவாசிக் குறியீட்டோடு இணையுங்கள். பத்தாண்டுக்கொரு முறை அரசாணைக்குக் காத்திருக்கும் நிலை வேண்டாம். பிற தேவைக்காக வாங்கிய வருமானச் சான்றைக் கொண்டு மருத்துவத் தகுதியை மறுக்காதீர்கள். அட்டையில் மகனோடு பெயர் இருந்தாலும் தனித்து வாழும் பெற்றோரையும், பிரிந்து வாழும் பெண்ணையும் தனிக் குடும்பமாகக் கருதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குப் பதிவை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டு செல்லுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் வேலை செய்வோருக்கு இந்தத் திட்டத்தின் பெயரே தெரியாது. பதிவு மையத்தை வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விரிவாக்குங்கள்.

மறுக்கும்போது காரணத்தைத் தமிழில் எழுத்தாகத் தர வேண்டும் என்பதை எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கிறேன். இன்று கவுன்ட்டரில் வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தாள் இல்லாததால் மேல்முறையீட்டுக்கு மனு எழுத எனக்கும் வழியில்லை. யார் மறுத்தார், எந்த விதியின்படி மறுத்தார், யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். அவசரச் சிகிச்சை தொடர்பான முறையீட்டை வருவாய்க் கோட்டாட்சியர் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டும். முடிவு வரும்வரை சிகிச்சை தொடர வேண்டும். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவரை நீக்குவதாக இருந்தால் குறுஞ்செய்தி மட்டும் போதாது. கைபேசி எண்ணை மாற்றிவிட்டவர்கள் ஏராளம். வீட்டுக்கு அறிவிப்பு வர வேண்டும், ரேஷன் கடையில் பட்டியல் ஒட்ட வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். டயாலிசிஸ், புற்றுநோய் போன்ற தொடர் சிகிச்சையில் இருப்பவரை இடையில் நீக்கவே கூடாது.

புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், தகுதி பற்றிய வரைவு விதிகளைத் தமிழில் வெளியிட்டு, கருத்துச் சொல்ல இரண்டு மாதம் தந்து, திருப்பூரில் ஒன்றும் தாளவாடியில் ஒன்றுமாக இரண்டு கருத்துக் கேட்புக் கூட்டங்களையாவது நடத்த வேண்டுகிறேன். திருப்பூர்க் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். மற்ற நாட்களில் வந்தால் தொழிலாளர்களுக்குக் கூலி போய்விடும்.

இங்ஙனம்,
பல்லடம் வட்டத்திலிருந்து ஒரு மனு எழுதுபவர்